முறுக்கு கடிக்காத அம்மாயி

சேலத்திலிருந்து ஆட்டையாம்பட்டி, காளிப்பட்டி வழியாக மல்லசமுத்திரம் வருகிறவர்கள் வெறுங்கையோடு வந்து இறங்குவது குறைவு. ஆட்டையாம்பட்டியில் பஸ் நிற்கும்போதே கைமுறுக்கு வாங்கிவிடுவார்கள். வாயில் போட்டதும் கரைகிற வெண்ணெய் முறுக்கு அல்ல அது. கையால் சுற்றி, எண்ணெயில் நின்று வெந்து, 'படக்'கென்று ஒடிந்து, அதற்குப் பிறகும் அரை நிமிடம் தாடைக்கு வேலை வைக்கிற முறுக்கு. எழுபதைத் தாண்டியும் அதைக் கடைவாயில் ஒதுக்கி நொறுக்குகிற ஆட்கள் இந்தப் பக்கம் நிறைய. பல் போனவர்கள் உரலில் இடித்தாவது தின்பார்களே தவிர, வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.

அப்படிப்பட்ட ஓர் அம்மாயியை மனதில் வைத்துக்கொள்வோம். ஆள் கற்பனைதான், ஆனால் அவருக்கு வருகிற ஒவ்வொரு தொந்தரவும் மருத்துவப் புத்தகத்தில் இருக்கிறது. வயது 72. ஒரு காலத்தில் காட்டில் பருத்தி எடுத்தவர். இப்போது திண்ணையோடு சரி. பேரன் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டுகிறான்.

"வேண்டாங் கண்ணு. மென்னா தாடை கடுக்குது."

"பல்லு ஆடுதா அம்மாயி?"

"பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்குது. மொதல்ல ரெண்டு மெல்லு ஒண்ணும் தெரியாது. அப்புறம் பிடிச்சு இழுக்குது. நிறுத்துனா சரியாப் போவுது."

"அப்பச் சரி, களி கிண்டித் தரச் சொல்றேன்."

களிக்குத் தாடை தேவையில்லை. உருட்டி, குழம்பில் புரட்டி, விழுங்கினால் போதும். அம்மாயியின் சாப்பாடு முறுக்கிலிருந்து களிக்கு மாறிவிட்டது. வெற்றிலை போடுவதும் நின்றுவிட்டது. வயசாச்சு என்று வீடு எடுத்துக்கொண்டது. பார்வையைப் பறிக்கக்கூடிய ஒரு நோயின் மிக முக்கியமான அடையாளத்தை அம்மாயி அன்றைக்கு வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். கேட்டவருக்கு அது விளங்கவில்லை.

தாடைக்கு முன்பே தலைவலி வந்திருந்தது, மூன்று வாரமாக. இரண்டு பக்கமும், கண்ணுக்கும் காதுக்கும் நடுவே, நெற்றிப்பொட்டில். முதலில் கோடாலித் தைலம். பிறகு சுக்கு இழைத்துப் பற்று. வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி ஒட்டுவதும் நடந்தது. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தின்மேல் கொஞ்ச நாள் பழி விழுந்தது, அப்புறம் வெயில்மேல், அப்புறம் கண்ணாடி பவர்மேல். மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரை நாலு மணி நேரம் தாக்குப்பிடித்தது. சீப்பு பட்டால் மண்டைத்தோல் எரிகிறது என்றார். தலையணையில் பக்கவாட்டில் சாய முடியவில்லை என்றார். காலையில் எழுந்தால் தோள்பட்டை இரண்டும் இறுகிக் கிடக்க, கையைத் தூக்கிக் கொண்டை போட முடியவில்லை. வெயில் ஏறினால் கொஞ்சம் இளகியது. லேசான காய்ச்சல். உடம்பு இளைத்துப்போனது. ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு காரணம் இருந்தது. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே காரணம் இருக்கலாம் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு நாள் மத்தியானம் வலது கண்ணில் திரை விழுந்தமாதிரி இருட்டு. சில நிமிடத்தில் தெளிந்துவிட்டது. பித்தம் என்று மோர் குடித்துப் படுத்தார். நாலு நாள் கழித்து விடியற்காலையில் கண் விழித்தபோது அந்தத் திரை விலகவில்லை.

நோயின் பெயர் நெற்றிப்பொட்டுத் தமனி அழற்சி. டாக்டர்கள் டெம்போரல் ஆர்ட்டரைட்டிஸ் என்பார்கள். இப்போது அதிகம் புழங்குவது ஜயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ். தமிழில் 'பொட்டில் அடித்தாற்போல்' என்று பேச்சுக்குப் பேச்சு சொல்கிறோம். அந்தப் பொட்டில், காதுக்கு முன்னால் விரல் வைத்துப் பாருங்கள். மெல்லிய துடிப்பு தெரியும். அந்த ரத்தக்குழாய்தான் விஷயம்.

சுவரே வீங்கும் குழாய்

இந்தப் பக்கத்து விவசாயிக்குச் சொட்டுநீர்க் குழாய் அடைத்துக்கொள்வது பழகிய தொல்லை. உப்புப் படிந்து உள்ளே அடைக்கும். ஆசிட் விட்டுக் கழுவுவார்கள். மாரடைப்பில் நடப்பது ஏறக்குறைய அந்த மாதிரி: கொழுப்பு படிந்து, அதன்மேல் ரத்தம் உறைந்து அடைப்பது. நெற்றிப்பொட்டுத் தமனி அழற்சி அப்படி அல்ல. இங்கே குழாயின் சுவரே உள்பக்கமாக வீங்குகிறது. கழுவி எடுக்க எதுவும் இல்லை.

தமனிச் சுவருக்கு மூன்று அடுக்கு. அடுக்குகளுக்கு நடுவே ரப்பர்போல நீண்டு சுருங்கும் மீள்தகடு ஒன்று உண்டு. நம்மைக் காக்கவேண்டிய நோயெதிர்ப்பு அணுக்கள் ஏதோ ஒரு கட்டத்தில் அந்தச் சுவருக்குள்ளேயே புகுந்து, அந்தத் தகட்டை அந்நியன் என்று நினைத்ததுபோல் சிதைக்க ஆரம்பிக்கின்றன. அதில் சில அணுக்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, பல உட்கருக்களோடு பெரிய ஒற்றை அணுவாக உருண்டு நிற்கும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பலரிடம் அது கண்ணில் படும். 'ஜயன்ட் செல்', அதாவது ராட்சத அணு என்ற பெயர் அதனால் வந்தது. சேதத்தைச் சரிக்கட்டப் பார்க்கிற சுவர், உள்பக்கம் தடித்துக்கொண்டே போகிறது. ரத்தம் போகிற வழி ஊசித்துவாரம் ஆகிறது.

தாடை ஏன் கடுக்கிறது என்பது இப்போது விளங்கும். மெல்லும் தசைக்கு ரத்தம் தருகிற கிளைகளும் பொட்டுத் தமனி பிரிகிற அதே கழுத்துத் தமனியிலிருந்து வருகிறவை. சும்மா இருக்கும்போது அந்தத் தசைக்குக் கொஞ்சம் ரத்தம் போதும். முறுக்கு கடிக்கும்போது நிறைய வேண்டும், குழாய் கொடுக்க முடியாது, தசை கத்துகிறது. நிறுத்தினால் அடங்குகிறது. பல்வலியோ தாடை மூட்டு வலியோ முதல் கடியிலேயே சுள்ளென்று காட்டும். இது அப்படியல்ல, மென்றுகொண்டே இருக்கையில் ஏறும். அம்மாயி சொன்ன 'மொதல்ல ரெண்டு மெல்லு ஒண்ணும் தெரியாது' என்பதில்தான் மொத்த நுட்பமும் இருக்கிறது.

இதைக் கணக்குப் போட்டுச் சொன்னவர் ஓர் இந்தியர். சோஹன் சிங் ஹேரே, பஞ்சாபில் பிறந்து, அமிர்தசரஸில் மருத்துவம் படித்து, பிரிட்டனுக்குப் போய், பிறகு அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் இருந்த கண் மருத்துவர். இந்த நோயில் கண்ணை எது கெடுக்கிறது என்பதைத் துலக்கியவர்களில் முதன்மையானவர். பார்வை நரம்பின் முனைக்கு ரத்தம் கொண்டுபோகிற, மயிரிழைபோன்ற பின்சிலியரித் தமனிகள் அடைபடுவதுதான் பெரும்பாலும் காரணம். 1997ல் அவரும் சகாக்களும் 363 பேரின் நெற்றிப்பொட்டுத் தமனியை வெட்டிப் பரிசோதித்த முடிவுகளை வெளியிட்டார்கள். அதில் 106 பேருக்கு நோய் உறுதியானது. எந்த அறிகுறி இருந்தால் பரிசோதனை 'ஆம்' என்று வருகிறது என்று பார்த்தபோது, முதலிடத்தில் நின்றது தலைவலி அல்ல. மென்றால் தாடை வலிப்பது. அது இருந்தவர்களுக்கு நோய் உறுதியாகும் வாய்ப்பு ஒன்பது மடங்கு அதிகம்.

எல்லாருக்கும் தாடை வலிக்கும் என்று இல்லை. ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான். அதைவிடச் சங்கடமான விஷயம் ஹேரே 1998ல் எழுதியது: இந்த நோயால் கண் பாதிக்கப்பட்டு வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்குத் தலைவலி, தாடைவலி, காய்ச்சல் எதுவுமே இருக்கவில்லை. நேராகக் கண்ணில்தான் தெரிந்தது.

தொப்பி போட முடியாத கிழவர்

நோய் புதிதல்ல. பாக்தாதில் ஆயிரம் ஆண்டுக்கு முன் வாழ்ந்த கண் வைத்தியர் அலி இப்னு ஈஸா, நாள்பட்ட தலைவலிக்கும் கண் நோய்க்கும் பொட்டுத் தமனியை வெட்டிச் சுடுவதைப் பற்றித் தன் நூலில் எழுதியிருக்கிறார். பார்வை போகக்கூடும் என்றும் சேர்த்தே சொல்கிறார். தலைக்கும் கண்ணுக்கும் அந்தக் குழாய்க்கும் ஏதோ தொடர்பு உண்டு என்று அவருக்குத் தட்டுப்பட்டிருக்கிறது.

பெல்ஜியத்தின் புரூஜ் நகரத்து அருங்காட்சியகத்தில் ஒரு பழைய ஓவியம். யான் வான் எய்க் 1436ல் முடித்தது. அதில் மண்டியிட்டிருக்கும் வயதான பாதிரியாரின் பொட்டில் நெளிந்து புடைத்த ரத்தக்குழாய்கள் அச்சு அசலாகத் தீட்டப்பட்டிருக்கின்றன. கோயில் ஆவணங்களில், உடம்பு முடியாமல் காலை வழிபாட்டுக்கு அவர் வராதது பற்றிக் குறிப்பு இருக்கிறது. அவருக்கு இந்த நோயும் இதோடு சேர்ந்துவரும் தோள்பட்டை இறுக்கமும் இருந்திருக்கலாம் என்று டெகேக்கர் என்ற பெல்ஜிய வாதநோய் மருத்துவர் 1981ல் எழுதினார். படத்தை வைத்து நோய் சொல்வது ஜாதகம் பார்ப்பதுமாதிரிதான், அதை நான் முழுசாக நம்பவில்லை. ஆனாலும் காலையில் எழ முடியாமல் கிடந்த அந்தப் பாதிரியாரையும், கொண்டை போட முடியாத அம்மாயியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

மருத்துவ வரலாற்றில் தெளிவாகப் பதிவான முதல் நோயாளி லண்டனில் இருந்தவர். ஜொனாதன் ஹட்சின்ஸன் என்ற அறுவை மருத்துவர் 1890ல் எழுதினார்: எண்பது வயதைக் கடந்த ஒருவரின் தலையில் சிவப்புக் கோடுகள், தொட்டால் வலி, தொப்பி போட முடியவில்லை. கோடுகள் என்று அவர் காட்டியவை வீங்கிய பொட்டுத் தமனிகள். நாள் செல்லச் செல்ல அவற்றில் துடிப்பு நின்றுபோனது.

நம் ஊரில் தொப்பி இல்லை. உருமால் உண்டு, தலைத்துண்டு உண்டு, மூட்டை தூக்கச் சும்மாடு உண்டு. துண்டு இறுக்கினால் மண்டை வலிக்கிறது, சும்மாடு வைக்க முடியவில்லை என்று அறுபது வயது ஆள் சொன்னால், அது 1890ல் ஹட்சின்ஸன் கேட்ட அதே வாக்கியம்.

1932ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஹார்ட்டனும் சகாக்களும் இருவரின் பொட்டுத் தமனியை எடுத்துச் சோதித்து இதைத் தனி நோயாகவே நிலைநிறுத்தினார்கள். அப்போது மருந்து இல்லை. அதே மேயோ கிளினிக்கில்தான் 1948ல் ஹென்ச் முதன்முதலாக ஒரு மூட்டுவாத நோயாளிக்குக் கார்ட்டிசோன் ஊசி போட்டார். கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகியோருடன் அவருக்கு 1950ல் நோபல் பரிசு கிடைத்தது. அதே காலத்தில் பொட்டுத் தமனி அழற்சிக்கும் அந்த மருந்து கொடுத்துப் பார்க்கப்பட்டது. அதுவரை டாக்டர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்ற நோயில், தலைவலி இரண்டு மூன்று நாளில் போனது. அன்று தொடங்கிய ஸ்டீராய்டுதான் இன்றைக்கும் முதல் மருந்து.

'இங்கெல்லாம் அது வராது'

இந்த நோயைப் பற்றி நம் டாக்டர்களிடம் கேட்டால், பலர் சொல்லும் முதல் பதில் 'வெள்ளைக்காரன் வியாதி'. அதில் உண்மை இருக்கிறது. ஸ்காண்டிநேவியாவிலும், அங்கிருந்து குடியேறியவர்கள் நிறைந்த அமெரிக்க மின்னசோட்டாவிலும்தான் இது மிக அதிகம். மின்னசோட்டாவில் 50 வயதைக் கடந்த லட்சம் பேரில் ஆண்டுக்கு இருபது பேருக்கு நெருக்கமாக வருகிறது. ஆசியாவில் மிகக் குறைவு. பரம்பரைக் கூறு ஒரு காரணம்.

இந்தியாவில் வாதநோய் மருத்துவர்களுக்குப் பழகிய தமனி அழற்சி வேறொன்று: டக்கயாசு நோய். 1908ல் ஜப்பானியக் கண் மருத்துவர் டக்கயாசு விவரித்தது. இளம் பெண்களுக்கு வரும். கையில் நாடியே கிடைக்காது. வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் தேபாஷிஷ் தண்டாவின் குழு அதில் நீண்ட காலம் வேலை செய்திருக்கிறது. அந்த நோயின் தீவிரத்தை அளக்க இந்திய வாதநோய் மருத்துவர்கள் சேர்ந்து உருவாக்கிய ஐ.டி.ஏ.எஸ். 2010 என்ற அளவுகோல் வெளிநாட்டிலும் புழங்குகிறது. ராட்சத அணு நோயும் டக்கயாசுவும் பெரிய தமனிகளைத் தாக்கும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். டக்கயாசு பெரும்பாலும் நாற்பதுக்குள் வரும், மற்றது ஐம்பதுக்குமேல் வரும். இளையதை நாம் நன்றாக அறிந்திருக்கிறோம். மூத்ததை இன்னும் அவ்வளவு பழக்கப்படுத்திக்கொள்ளவில்லை.

வராது என்பதும் சரியல்ல. 2010 வாக்கில் மும்பையிலிருந்தும் தென்னிந்தியாவிலிருந்தும் தனித்தனியாக மருத்துவர்கள் தங்களிடம் வந்த நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். தேடினால் கிடைக்கிறது, தேடாத இடத்தில் இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. ஐம்பதுக்குக் கீழ் ஏறக்குறைய வராத, எழுபதுக்குமேல் மிகுதியாக வருகிற நோய் இது. நாற்பது ஆண்டுக்கு முன் தமிழ்நாட்டில் எழுபதைத் தொட்டவர்களே குறைவு. 2021 மதிப்பீட்டின்படி மாநில மக்கள்தொகையில் அறுபதைக் கடந்தவர்கள் 13.6 சதவீதம், கேரளத்துக்கு அடுத்த இடம். 2031ல் இது 18 சதவீதத்தைத் தாண்டும் என்று கணித்திருக்கிறார்கள். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்க, வயதானவர்கள் மட்டும் காவல் காக்கிற வீடுகள் மல்லசமுத்திரத்தைச் சுற்றி எத்தனை என்று பஸ்ஸிலிருந்து பார்த்தாலே தெரியும். அரிய நோய்தான். ஆனால் அது வரக்கூடிய வயதில் இருப்பவர்களின் எண்ணிக்கை இனி அரிதல்ல. பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தலைவலியைச் சொல்லாமல் வேலை பார்த்துப் பழகியவர்கள் அவர்கள்தானே.

ஒன்றை அழுத்திச் சொல்லிவிடவேண்டும். வயதானவருக்கு வருகிற தலைவலியில் பெரும்பாலானவை இது அல்ல. கழுத்தெலும்புத் தேய்மானம், ரத்த அழுத்தம், சைனஸ், கண்ணழுத்தம் என்று ஆயிரம் உண்டு. திடீரென்று ஒரு கண் மங்கினாலும் நம் ஊரில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும்தான் முதலில் வாய்ப்பு. பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. பிரித்துப் பார்ப்பதற்கு எளிய கேள்விகள் இருக்கின்றன, அவை கேட்கப்படுவதில்லை என்பதற்காகத்தான். ஒற்றைத் தலைவலிக்காரருக்கு அது இருபது வயதிலிருந்தே கூட வந்திருக்கும். எழுபது வயதில் புதிதாக ஒரு தலைவலி அறிமுகமானால், பழைய பெயரை அதற்குச் சூட்டக்கூடாது.

ஒரு மணி நேரக் குழாய்

இந்த நோயில் எனக்குப் பொறுக்காத விஷயம், சந்தேகப்பட்டுவிட்டால் முதல் படி மிக மலிவு என்பதுதான். ஈ.எஸ்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை எந்தச் சின்ன லேபிலும் உண்டு. ரத்தத்தை நீளமான மெல்லிய கண்ணாடிக் குழாயில் நிறுத்திவைத்து, ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்குகின்றன என்று பார்ப்பார்கள். உடம்பில் அழற்சி அதிகமானால் அணுக்கள் ஒட்டிக்கொண்டு வேகமாக இறங்கும். இந்த நோயில் ஐம்பதைத் தாண்டுவது வழக்கம். நூறைத் தொடுவதும் உண்டு. கூடவே சி.ஆர்.பி. என்ற இன்னொரு பரிசோதனை. தட்டணுக்களும் அதிகமாக இருக்கலாம்.

இந்த எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. காசநோய், ரத்தசோகை, சாதாரணத் தொற்று எதுவும் ஈ.எஸ்.ஆரை ஏற்றும். அபூர்வமாக நோய் இருந்தும் இரண்டு எண்ணும் சரியாக இருக்கும். அதனால்தான் எண்ணைவிடப் பேச்சு முக்கியம். மூன்று வாரத் தலைவலி, மென்றால் தாடைக் கடுப்பு, சீப்பு பட்டால் எரிச்சல், இவற்றோடு 90 என்று ஈ.எஸ்.ஆர். வந்தால், டாக்டர் இன்னொரு சந்தேகத்துக்குக் காத்திருக்கமாட்டார்.

உறுதிப்படுத்த இரண்டு வழி. ஒன்று, காதுக்கு மேலே முடிக்குள் மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் தமனித் துண்டை எடுத்துப் பரிசோதிப்பது. அழற்சி அங்கொன்றும் இங்கொன்றுமாக இருப்பதால் துண்டு நீளமாக இருக்கவேண்டும். இன்னொன்று அல்ட்ராசவுண்டு. 1997ல் ஜெர்மனியின் ஷ்மிட் குழு, வீங்கிய தமனியைச் சுற்றிக் கருப்பு வளையம் தெரிவதைக் காட்டியது. பழகிய கை இருந்தால் வெட்டாமலே கண்டுபிடிக்கலாம். ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்கள் இப்போது முதலில் சொல்வது இதைத்தான்.

ஆனால் இந்தப் பரிசோதனைகளுக்காக மருந்தைத் தள்ளிப்போடக்கூடாது. இந்த நோயில் எல்லாரும் ஒத்துக்கொள்ளும் விதி இது ஒன்றுதான். வலுவான சந்தேகம் வந்தால் அன்றைக்கே ஸ்டீராய்டு தொடங்கி, மற்றதைப் பின்னால் பார்த்துக்கொள்வது. மருந்து ஆரம்பித்து ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்து எடுத்த தமனித் துண்டிலும் நோயின் தடயம் இருக்கும். போன பார்வை மட்டும் திரும்பி வராது. ஒரு கண் போனபின் மருந்து கிடைக்காவிட்டால், சில நாளிலோ சில வாரத்திலோ மற்றக் கண்ணும் போகும் ஆபத்து மிக அதிகம்.

வழக்கமான ஆரம்ப அளவு பிரெட்னிசலோன் நாளுக்கு 40 முதல் 60 மில்லிகிராம். பார்வை போய்விட்டவர்களுக்கு மூன்று நாள் நரம்பு வழியாக அதிக அளவு. மாத்திரையின் விலை அற்பம். வைசோலோன் என்ற பெயரைக் கேட்காத மெடிக்கல் ஷாப் தமிழ்நாட்டில் கிடையாது.

இந்த இடத்தில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. ஸ்டீராய்டு என்றாலே ஜனங்களுக்குப் பயம். பயத்துக்குக் காரணமும் உண்டு. மூட்டுவலிக்கு என்று பெயரில்லாத பொட்டலங்களில் ஸ்டீராய்டு கலந்து கொடுத்து, முகம் பந்துபோல் உப்பிப்போன ஆட்களைப் பார்த்திருக்கிறோம். அந்தப் பொட்டலம் இந்த நோயிலும் ஒரு துரோகம் செய்யும்: அரைகுறை அளவில் தலைவலியை அடக்கிவிட்டு, தமனிக்குள் நடப்பதை மறைத்துவிடும். மறுபக்கம், சரியான டாக்டர் சரியான அளவில் எழுதிக்கொடுத்தால், 'இது ஸ்டீராய்டாமே' என்று யாரோ சொல்ல, பத்தே நாளில் நிறுத்திவிடுவார்கள். இரண்டுமே கண்ணுக்கு ஆபத்து. பல வாரம் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. வெளியிலிருந்து வருவதால் உடம்பு தன் சொந்தச் சுரப்பை நிறுத்தியிருக்கும்.

மருந்து சுலபம் என்று நான் சொல்லவில்லை. ஒன்றிரண்டு ஆண்டு, சிலருக்கு இன்னும் கூடுதலாக, படிப்படியாகக் குறைத்துக்கொண்டே சாப்பிடவேண்டும். சர்க்கரை ஏறும். எலும்பு மெலியும், அதற்குக் கால்சியமும் வைட்டமின் டி-யும் வேண்டும். கண்புரை சீக்கிரம் வரும். உள்ளே தூங்கிக்கிடக்கும் காசநோய் எழுந்துவிடலாம். நம் நாட்டில் அதைப் பார்க்காமல் விடக்கூடாது. ஸ்டீராய்டைக் குறைக்க உதவும் மருந்தாக 2017ல் ஒன்று தேறியது: டோசிலிசுமாப். 251 பேரிடம் நடந்த ஆய்வுக்குப் பிறகு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பெயர் தெரிந்தமாதிரி இருக்கிறதா? 2021 கொரோனா இரண்டாம் அலையில் ஊர் ஊராகத் தேடிக் கிடைக்காமல், கறுப்புச் சந்தையில் விலைபோன அதே ஊசி. விலையில் இப்போதும் எல்லார் கைக்கும் எட்டாது. ஆனால் கண்ணைக் காப்பாற்றும் முதல் வேலையைச் செய்வது விலை மலிந்த அந்தப் பழைய மாத்திரைதான்.

அம்மாயியின் இன்னொரு கண்

மல்லசமுத்திரத்தில் இருப்பவருக்குப் பெரிய ஆஸ்பத்திரி எட்டாத தூரத்தில் இல்லை. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒரு பக்கம். 2022 ஜனவரியில் திறந்த நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி இன்னொரு பக்கம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷரும் சர்க்கரையும் பார்க்க வீட்டுக்கே பெண்கள் வருகிறார்கள். அவர்கள் ஒவ்வொரு திண்ணையிலும் உட்கார்ந்து எழுபது வயதுக்காரர்களோடு பேசுகிறார்கள். அவர்களிடம் கூடுதலாக ஒரு கருவி கொடுக்கவேண்டாம். 'புதுசா தலைவலி உண்டுங்களா? மென்னா தாடை வலிக்குதுங்களா?' என்ற இரண்டு கேள்வியைக் கொடுத்தால் போதும் என்று சுகாதாரத் துறைக்குச் சொல்லத் தோன்றுகிறது.

நம் கதையின் அம்மாயிக்கு வலது கண் போய்விட்டது. கண் டாக்டர் உள்ளே பார்த்தபோது நரம்பின் முனை சுண்ணாம்புபோல் வெளுத்து வீங்கியிருந்தது. அவர்தான் முதலில் கேட்டார், மெல்லும்போது வலிக்கிறதா என்று. அன்று மாலையே ஊசி ஆரம்பமானது. இடது கண் தங்கியது. இரண்டு வாரம் முன்பு, முறுக்கு வேண்டாம் என்ற அன்றைக்கே கிளம்பியிருந்தால் வலதும் தங்கியிருக்கும்.

உங்கள் வீட்டில் ஐம்பதைக் கடந்த ஒருவருக்குப் புதிதாகத் தலைவலி வந்து, மென்றால் தாடை கடுத்தாலோ, தலை சீவினால் எரிந்தாலோ, கண் இருண்டு தெளிந்தாலோ, அன்றைக்கே டாக்டரிடம் போய் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. பார்க்கலாமா என்று நீங்களே கேளுங்கள். மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடவேண்டாம், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். பருத்தி ஏலம் முடியட்டும், தேர் முடியட்டும், பையன் ஊரிலிருந்து வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். கண் ஒரு முறை இருண்டு தெளிந்துவிட்டால், இரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போய்விடுங்கள்.